பின்சந்துக் கதவு

கூட்டுறவு நகரில் இருப்பவர்கள் கடைவீதிக்குக் கிளம்பும்போது இன்றைக்கும் “சிவகாசிக்குப் போயிட்டு வாறேன்” என்றுதான் சொல்வார்கள். சாலையைத் தாண்டினால் சிவகாசிதான். நாற்பது வருஷத்துக்கு முன், பட்டாசுத் தொழிலாளிகளுக்காக வீட்டுவசதிச் சங்கம் ஒன்று கருவேலங்காட்டை வெட்டி இந்த நகரை அமைத்தபோது சுற்றிலும் பொட்டல். பிறகு ஊர் பெருகி வந்து நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டது. அச்சகங்களுக்கும் மாடி வீடுகளுக்கும் நடுவே வளைந்து வரும் தெரு, ஓரிடத்தில் கோடு போட்டதுபோல் நேராகும். அங்கே கூட்டுறவு நகர் தொடங்குகிறது என்று அர்த்தம். பன்னிரண்டு தெரு. எல்லா வீடும் ஒரே அளவு: முன்னால் கூடம், பக்கத்தில் ஓர் அறை, பின்னால் சமையலறை. ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் பத்தடிச் சந்து. தீப்பிடித்தால் ஆட்கள் தப்பிப் போவதற்கென்று வரைபடம் போட்டவர்கள் விட்ட வழி அது.

பன்னிரண்டாம் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு அய்யம்மாளுடையது. முப்பத்தோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தியவள். மூட்டுவலி வந்து நின்றுவிட்டாள்; வயது ஐம்பத்தெட்டு. கம்பெனியில் மருந்து அறைக்குக் கதவு எதிரெதிராக இருக்கும். தாழ்ப்பாள் கிடையாது, உள்ளேயிருந்து தள்ளினால் வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ள வேண்டும். வாசலில் ஒரு சாக்கு கிடந்தாலும் போர்மேன் சத்தம் போடுவார். ஒரே ஒரு தடவை மருந்து சீறியது. எப்படி வெளியே வந்தோம் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கால்கள் அவளை வேப்பமரத்தடியில் கொண்டுவந்து போட்டிருந்தன.

அதனால் வீட்டிலும் சமையலறையின் பின்கதவுக்கு முன்னால் சிலிண்டரோ தண்ணீர்க் குடமோ இருக்கக் கூடாது. கதவு கண்ணில் படும்படி அறையில் கட்டிலைப் போட்டிருந்தாள். மகன் கதிரவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பிறகும் அந்த அறையை அவள் விடவில்லை. மகனும் மருமகள் எழிலும் கூடத்தில் படுத்தார்கள். அது நியாயமில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

எழிலுக்கு ஆறாம் மாதம். கதிரவன் காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவன். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தான்.

“தெருவே சந்துல கட்டிருச்சு. நாமளும் ஒரு ரூமைப் போட்டுக்கிருவோம்மா. பிள்ளைய வச்சுக்கிட்டுக் கூடத்துல எப்படிப் படுக்க?”

“அது தப்பிச்சுப் போற வழிலே.”

“அப்ப நாங்க திருத்தங்கல் ரோட்டுப் பக்கம் வாடகைக்குப் போறோம். வீடு பாத்து வச்சிருக்கேன்.” அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அய்யம்மாளுக்குக் கலக்கமாக இருந்தது. புருஷன் போன பிறகு அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

எழில் மல்லாங்கிணற்றுக்காரி, மானாவாரி விவசாயக் குடும்பம். பட்டாசுக் கம்பெனி வாசலை மிதித்தவள் இல்லை. அவள் மெதுவாகக் கேட்டாள்: “கோவிச்சுக்கிடாதீக அத்தை. அந்தக் கதவு வழியாப் போனா எங்கன போய்ச் சேருவோம்?”

அய்யம்மாள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கிழக்கே, பக்கத்து வீட்டு முருகேஸ்வரி கட்டிய குளியலறைச் சுவர். மேற்கே, கடைசி வீட்டு மாரிக்கண்ணனின் ஆட்டுக்கொட்டகைச் சுவர். எதிரே நகரின் மதில். அதற்கப்பால் அச்சக இயந்திரத்தின் சத்தம். வருஷக்கணக்காகத் தினமும் காலையில் கூட்டிப் பெருக்கிய இடம். இரண்டு சுவரும் அவள் கண் முன்னால் எழும்பியவைதான். சித்தாளுக்கு டீ கூடக் கொடுத்திருக்கிறாள். வாசலில் எதுவும் கிடக்கக் கூடாது என்று பார்த்தவள், வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கம்பெனியில் அதைப் பார்ப்பது போர்மேன் வேலை.

இரண்டு நாள் அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முருகேஸ்வரி வீட்டுக்குப் போனாள். மற்ற நாளில் முருகேஸ்வரி ஏழு மணிக்கே கம்பெனி வேனில் ஏறிவிடுவாள்.

“உன் குளிக்கிற ரூம்ல மேற்குப் பக்கம் ஒரு கதவு வை முருகேஸ்வரி.”

“நல்லாருக்கே மதினி. நான் குளிக்கிறதை ஆரு பாக்கணும்?”

“கதவு என் பக்கமாத் திறக்கட்டும். நான் அங்கன ரூம் போடப் போறேன். அதுல மறு கதவு. அடுத்து மாரிக்கண்ணன் கொட்டகை. அதைத் தாண்டுனா ரோடு.”

முருகேஸ்வரி சிரித்தாள். “உங்களுக்கு மூட்டு போனதோட மூளையும் போயிருச்சு.”

“கம்பெனியில வாசல்ல ஒரு சாக்குக் கிடந்தா நீ சும்மா இருப்பியா?”

 போன வியாழக்கிழமைதான் முருகேஸ்வரி அதற்காக ஒருத்தியோடு சண்டை போட்டிருந்தாள். “கொத்தனார் வாறப்ப சொல்லுங்க” என்றாள் கடைசியில்.

மாரிக்கண்ணன் கொட்டகையில் சாலைப் பக்கம் தகரக் கதவு இருந்தது, பூட்டியிருந்தது. கொட்டகைச் சுவரில் கதவு வைக்கச் சம்மதித்தவன், பூட்டை எடுக்கச் சொன்னதும் பதறினான். “ஆட்டைக் களவாண்டுட்டுப் போயிருவான்க்கா.”

“வெளியேருந்து திறக்க வேண்டாம். உள்ளேருந்து தள்ளுனாத் திறக்கிற மாதிரிக் கொக்கி போடு.”

அவன் யோசித்தான். “சரி, உள்ளேருந்து தள்ள ஆட்டுக்கு எங்க தெரியப் போகுது?”

எழில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பக்கமும் கதவு, ரெண்டுக்கும் கொண்டி கிடையாது. பிள்ளையோட அதுக்குள்ள எப்படி அத்தை கண் அசருவேன்?”

 மருமகள் கேட்டது சரியான கேள்வி. கொண்டி இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கொண்டி இருந்தால் அய்யம்மாளுக்கு வராது. இரண்டு பயத்தில் எது பெரியது என்று யார் சொல்ல முடியும்? மறுநாள் காலை தன் கட்டிலில் உட்கார்ந்தபடியே அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரே கதவு, அது கூடத்துக்குத் திறப்பது. உள்பக்கம் நல்ல இரும்புக் கொண்டி. அதை அவள் ஒருநாளும் போட்டதில்லை.

“நீங்க ரெண்டு பேரும் இதுல இருந்துக்கங்க. புது ரூமுக்கு நான் போறேன்” என்றாள்.

கதிரவன் நம்பாமல் பார்த்தான். “இதை ஒரு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா.”

“சொல்லியிருக்கலாம்” என்றாள் அய்யம்மாள். 

ஒரு மாதத்தில் அறை எழும்பியது. முருகேஸ்வரி ஈரத்தலையோடு நுழைந்து மறுபக்கம் கொட்டகை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, ஆட்டுப் புழுக்கையை மிதித்ததாகத் திட்டிக்கொண்டே திரும்பினாள். அவளுக்குக் கிழக்கே உள்ள வீட்டுக்காரர்கள் கதவு வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அய்யம்மாள் இரண்டு தடவை போய்க் கேட்டாள். இப்போதைக்கு அந்த வழி மூன்று வீட்டுக்குத்தான்.

பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்த எழில், தை மாதம் குழந்தையோடு மல்லாங்கிணற்றிலிருந்து திரும்பினாள். திருத்தங்கல் ரோட்டு வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் தெருவில் மாரிக்கண்ணனின் சத்தம் கேட்டது. கொட்டகையிலிருந்த ஆறு ஆடும் தகரக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு சாலைக்குப் போய், அச்சகத்து வாசலில் கழிவுக் காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தன. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

“அக்கா, உங்க கொக்கியால எனக்கு ஆடு மேய்க்கிற வேலை கூடிப்போச்சு” என்று வாசலில் வந்து நின்றான்.

அய்யம்மாள் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். “எத்தனை ஆடு உள்ள மாட்டிக்கிட்டு நின்னுச்சு?”

“ஒண்ணு கூட இல்ல.”

“அப்ப கொக்கி சரியாத்தான் இருக்கு” என்றாள்.