இரண்டு இசக்கி, ஒரு பேட்ச்

என் அண்ணன் இசக்கிதுரைக்குப் பொறுமை என்பதே கிடையாது. இட்லி வேகும்வரைகூட இருக்க மாட்டான். மூடியைத் திறந்து திறந்து பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அப்படிப்பட்டவன், முகம் தெரியாத ஒருவரின் பதிலுக்காக ஒரு குற்றாலச் சீசன் முழுக்கக் காத்துக் கிடந்தான் என்றால், அதற்குக் காரணம் நான்.

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. தென்காசியில் ஒரு தனியார் அலுவலகத்தில், வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. முதலில் பயிற்சிக் காலம், திருப்தி என்றால் நிரந்தரம். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் என் காதில் வாசிக்கும். அதே காதில் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் போனில் கத்துவார். இரண்டில் எதைக் கேட்பது? ஒருவர் கணக்கை இன்னொருவருக்குச் சொல்லித் திட்டு வாங்கினேன். பிரெயில் பட்டை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால், திரையில் உள்ள வரி விரலுக்கடியில் புள்ளிகளாக எழும்பும். காது போனுக்கு, விரல் திரைக்கு.

அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய பட்டையை வாங்கி வந்தான். செருகினால் செத்த மாதிரி கிடந்தது. எங்கள் அலுவலகத்தில் ஓடுவது, உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் இயங்குதளம். அதன் அடிப்பாகத்துக்குக் கெர்னல் என்று பெயர். அந்தக் கெர்னலிடம் பட்டை தன்னைத் தப்பும் தவறுமாக அறிமுகம் செய்துகொள்கிறதாம். அண்ணன் குற்றாலத்து லாட்ஜ்களில் கேமரா மாட்டுகிறவன். கேமராப் பெட்டிக்குள்ளும் அதே கெர்னல் என்பதால் கொஞ்சம் பழக்கம். முட்டி மோதி, இணையத்தில் கண்டவனையெல்லாம் நச்சரித்து, அந்தத் தவறைச் சரிசெய்யும் சில வரிகளை எழுதினான். வீட்டுக் கம்ப்யூட்டரில் பட்டைக்கு உயிர் வந்தது. முதல் வரியைத் தடவியபோது நான் அழுதேவிட்டேன்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஸ்ரீவித்யா மேடம் நல்லவர்தான். ஆனால் கையை விரித்துவிட்டார். "வெளிய எழுதுனத இங்க ஏத்தக் கூடாதுங்கது ரூல்ஸ், செல்வி. கெர்னல்காரங்களே சேத்துக்கிட்டாங்கன்னா நானே போட்டுத் தாரேன்."

அப்படித் தொடங்கியதுதான். திருத்த வரிகளைப் பேட்ச் என்பார்கள். அதைக் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு, உலகமே பார்க்கும்படி, மெயிலில் அனுப்ப வேண்டும். அண்ணன் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று லீவ் லெட்டர் மாதிரி ஆரம்பித்து அனுப்பினான். மெயிலின் வடிவமே தப்பு என்று திரும்பி வந்தது. அடுத்து, வரிகளின் முன்னால் விட்ட இடைவெளி சரியில்லை. அதற்கும் அடுத்து, விளக்கம் போதாது.

"எழுதுனது சரியா தப்பான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். எடம் விட்டது சரியில்லையாம்ட்டி!" என்று குதித்தான். குதித்துவிட்டுத் திருத்துவான். சீசன் நேரம், லாட்ஜெல்லாம் கூட்டம். சாரலில் நனைந்து வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் உட்காருவான்.

ஒருவழியாக, பேட்சைப் பரிசீலிக்கும் கெர்னல்காரர் திருப்தியானார். ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பட்டை வைத்திருக்கும் இன்னொருவர் சோதித்துப் பார்த்து, தன் பெயரைக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் வேறு யார்? எழுதியவர் இசக்கி துரை, சோதித்தவர் இசக்கி செல்வி என்று போட்டு, தன் முகவரியிலிருந்தே அனுப்பினான்.

பதில் வந்தது. எழுதிய இசக்கியும் சோதித்த இசக்கியும் ஒரே ஆளாகத் தெரிகிறது. சொந்த பேட்சுக்கு வேறு பெயரில் சாட்சி சொல்வது முறையல்ல.

இசக்கி எங்கள் குலதெய்வம். தாத்தா இசக்கிமுத்து, சித்தப்பா இசக்கிபாண்டி. அப்பா நம்பிராஜன் மட்டும் எப்படியோ தப்பித்தார். எங்கள் வீட்டு விசேஷத்தில் 'இசக்கி' என்று கூப்பிட்டால் பந்தியே எழுந்து வரும். இதை எந்தக் கெர்னல்காரருக்குப் புரியவைப்பது?

"நம்மளக் களவாணிங்கான் ஏட்டி," என்றான். "ரேஷன் கார்ட அனுப்பிருவமா? அதுல ரெண்டு பேரு பேரும் இருக்குல்லா?"

"நம்ம ரேஷன் கார்ட ஒலகம் பூரா பாக்கணுமாண்ணே? பேசாம இரி. நான் எழுதுதேன்."

எனக்கு ஆத்திரம். கண் தெரியாத பிள்ளை என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள் ஏராளம். நான் என்று ஒருத்தி இருக்கிறேன் என எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது அதுதான் முதல் முறை. என் முகவரியிலிருந்து எழுதினேன்: 'நான் அவன் தங்கை. இசக்கி எங்கள் தெய்வத்தின் பெயர். உங்கள் மெயிலை இந்தப் பட்டையில், விரலால்தான் வாசித்தேன்.'

பதில் இல்லை. பரிசீலிப்பவர் கோடை விடுமுறையில் இருக்கிறார், அவர் நாட்டில் அப்போதுதான் கோடை என்று பிறகு தெரிந்தது. அடிக்கடி கேட்டால் மரியாதை இல்லையாம். அண்ணன் போனைத் திறந்து பார்ப்பான், மூடுவான். பட்டை மேசையில் கிடந்தது. என் பயிற்சி முடியும் நாள் நெருங்கியதை நான் அவனிடம் சொல்லவில்லை. சீசன் அலைச்சலில் அவனும் கணக்கு வைக்கவில்லை.

கடைசி நாளில் மேனேஜர் கூப்பிட்டார். "நீ நல்ல பிள்ளதாம்மா. ஆனா கஸ்டமர்ட்ட விவரம் மாறிப் போயிருதுல்லா," என்றார். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஸ்ரீவித்யா மேடம் பஸ் ஸ்டாண்டு வரை கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊர் இலத்தூருக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"ஏட்டி செல்வி! ஏத்துக்கிட்டாருட்டி! மன்னிப்புகூடக் கேட்டு எழுதிருக்காரு. அடுத்த வெளியீட்டுல வந்துருமாம். அதுல ஒன் பேரும் இருக்கு, இனி எவனாலயும் அழிக்க முடியாது!"

அவன் சட்டையில் சாரல் வாடை. குற்றாலத்திலிருந்து மங்குஸ்தான் வாங்கி வந்திருந்தான்.

"நாளைக்கு மொத வேலையா ஸ்ரீவித்யா மேடத்துட்ட சொல்லிரு, என்ன?"

"சொல்லுதேண்ணே."

அவன் பழத்தை நசுக்கி உடைத்து, சுளைகளை என் உள்ளங்கையில் வைத்தான். நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? புளிக்கா?"

"இல்லண்ணே," என்றேன். "நல்லா இனிக்கி."