பிள்ளை பிறக்காத வீட்டுச் சுறாப்புட்டு

பிள்ளைகளே, "அங்க எப்பிடிப்பா இருந்த, என்ன சாப்பிட்ட?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நல்லா இருந்தது உண்மைதான். அது எப்படிப்பட்ட நல்லது என்று எழுதினால்தான் புரியும்.

ஓமானில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம், அதில் ஒரு ஐஸ் கம்பெனி. மரக்காணத்து உப்பளத்தில் இருந்தவன் அங்கே போய் ஐஸ் உடைத்தேன். மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஆரம்பத்தில் ராவும் பகலும் ஓடியது. பிறகு படகுகள் பெரிய துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தன. மிஷின் சும்மா நின்றது.

அந்தச் சும்மா நாட்களைத்தான் நான் நல்லா இருந்தேன் என்று சொல்கிறேன். கடல் சத்தம் கேட்கும். ஆடுகள் அவசரமில்லாமல் ரோட்டைக் கடக்கும். நானும், ரூமில் கூட இருந்த, நமக்குப் பக்கத்து மீனவர் ஊரான அனுமந்தைக்காரரும் காய்ந்த எலுமிச்சையைத் தட்டிப் போட்டு டீ வைத்து, பேரீச்சம்பழத்தோடு குடிப்போம். சுகமாக இருக்கும். இந்தச் சுகம்தான் வேலையைத் தின்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாய் விட்டுச் சொன்னதில்லை.

ஒருநாள் மத்தியானம் முதலாளி தன் வீட்டிலிருந்து மூடிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வயசானவர். திறந்தால் சுறாக் கருவாடு. வேகவைத்து உதிர்த்து, வெங்காயம், மஞ்சள், மிளகு போட்டு எலுமிச்சை பிழிந்திருந்தது. நம் வீட்டில் சுறாப்புட்டு என்றால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு. நீங்கள் பிறந்தபோது உங்கள் அம்மாவுக்குக் கொடுத்தோம். வேறு நாளில் அதை நான் கண்டதில்லை. அதனால் சந்தோஷமாகக் கையெடுத்துக் கும்பிட்டு, தெரிந்த அரபியில் "வலதா, பின்த்தா?" என்று கேட்டேன். பையனா, பொண்ணா என்று.

அவர் வீட்டில் இருந்தது அவர் வயசுள்ள அவர் மனைவி மட்டும். அனுமந்தைக்காரர் நான் கேட்டதை விளக்கிச் சொன்னதும், முதலாளி கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் சிரித்தார். உப்பளத்திலிருந்து வந்தவன் என்று என்னை 'உப்பு' என்றே கூப்பிடும் அனுமந்தைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"டேய் உப்பு, அந்தம்மா இந்த வயசுல புள்ள பெத்துச்சின்னா நெனச்ச?"

"சுறா குடுத்தா வேற என்னண்ணா நெனைக்கிறது?"

"பசிச்சா துன்றதுடா. எங்க ஊர்ல ஆம்பளைங்களும்தான் துன்றோம். எங்களுக்கு என்னா பாலா ஊறுது?"

அதற்கப்புறம் முதலாளி தட்டு கொண்டுவந்தால் வாசலிலேயே "வலத்!" என்று கத்துவார். ஆனால் வேலை இல்லாத நாளில்தான் தட்டு வரும். எப்போதாவது வந்தது, போகப்போக அடிக்கடி வந்தது. அவ்வளவு ருசியான சாப்பாட்டைப் பயந்துகொண்டே சாப்பிட்டேன்.

கடைசியில், படகு வந்தால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அவரே டிக்கெட் எடுத்துக்கொடுத்தார். ஊருக்கு வந்தால் உப்பளம் முழுக்க மழைத் தண்ணீர். கேட்டவர்களிடம் லீவில் வந்திருக்கிறேன் என்றேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். குளிக்கப் போனாலும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

போன வாரம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அனுமந்தைக்காரர் அங்கிருந்து போனில் கூப்பிட்டார்.

"உப்பு, இனிமே காத்துனு இருக்காதப்பா. மிஷினெல்லாம் பிரிச்சி லாரில ஏத்திட்டாங்க."

"மொதலாளி?"

"மவன் வீட்டோட போய்ட்டாரு. ஒன்ன விசாரிச்சாரு."

"நீங்க என்னண்ணா பண்றீங்க?"

"நான் ஒரு போட்டுல ஏறிட்டேன். ஒனக்குக் கடல் ஆவாதே."

சமையல் செய்துகொண்டிருந்த உங்கள் அம்மா, "யாருங்க?" என்றாள். "பிரண்டு" என்றேன்.

சாயங்காலம் உப்பளத்துக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. உப்பு எடுப்பதற்கு முன்னால் பாத்தியின் சேற்றுத் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஆள் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. எடுத்தாலும் என்னை எடுப்பார்களா, தெரியாது. கம்பெனி பூட்ஸுக்குள் இருந்து இருந்து, பாதத்திலிருந்த பழைய வெடிப்பெல்லாம் மூடிப்போயிருந்தது. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு இறங்கி, யாருடையதென்று தெரியாத ஒரு பாத்தியின் மூலையை இருட்டும் வரை மிதித்தேன்.