பின்கட்டைக்குள் ஈயம்

ரைஃபிளை வாங்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார் என்று இசக்கிசெல்வி சொன்னபோது, அவள் கணவன் பூலோகத்தால் தன் நிம்மதியை மறைக்க முடியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊர் ஆளு? தாணேயா? நல்லதாப் போச்சு," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "இல்லட்டி, ஒனக்கும் கை முடியலல்லா, அதுக்குச் சொன்னேன்," என்று சேர்த்துக்கொண்டான்.

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

இசக்கிசெல்வி தாராவியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தது சீருடைக்கு ஆசைப்பட்டுத்தான். முகாமில் ஒருநாள் துப்பாக்கியைக் கையில் கொடுத்துக் குறி பார்க்கச் சொன்னார்கள். அன்று அவளுக்குப் பிடித்துப்போனது சத்தம் அல்ல, சுடுவதற்கு முந்தைய அந்த அமைதி. நான்கு பக்கமும் சுவருக்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டே இருக்கும் வீட்டில் வளர்ந்தவள் அவள். மூச்சை நிறுத்திக் குழல் நுனியில் இருக்கும் குறிமுனையைப் பார்க்கிற அந்த இரண்டு விநாடியில் உலகத்தில் யாருமே பேசவில்லை.

கல்யாணம் ஆனது. செம்பூரில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிற வேலை கிடைத்தது. துப்பாக்கி மறந்தே போயிற்று. பல வருஷம் கழித்து, ஒரு பார்சலில் காகித இலக்கு அட்டைகள் கிழிந்து வெளியே தெரிய, யாருக்குப் போகிறது என்று முகவரியைப் பார்த்தாள். மாட்டுங்காவில் ஒரு கிளப். அடுத்த ஞாயிறு தேடிப் போய் நின்றாள். ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நீளமான தகர ஷெட், அதற்குள் பத்து மீட்டர் தூரத்தில் வரிசையாக இலக்குகள். அங்கேதான் ஷ்யாமளா பழக்கமானாள். மாட்டுங்காக்காரி, வங்கியில் அதிகாரி, ஐம்பதைத் தாண்டியவள். செல்வி அவளை மாமி என்றுதான் கூப்பிடுவாள். சில மாதம் கிளப் ரைஃபிளில் சுட்டுவிட்டு, சீட்டு விழுந்தபோது பழைய ஏர் ரைஃபிள் ஒன்றைத் தனக்கே வாங்கிவிட்டாள். தோளில் பதிகிற பின்கட்டை கறுப்புப் பிளாஸ்டிக், குழல் இரும்பு. அந்த ரகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் சந்தில் அது எடுபடவில்லை. பூலோகத்தின் வீட்டில் பந்தூக் இருக்கிறது என்று பேச்சுப் பரவி, போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பூலோகத்துக்கு அந்தச் சிரிப்பே போதுமான அவமானமாக இருந்தது. பழைய திரைச்சீலையில் சுற்றிப் பரணில் வைக்கச் சொன்னான்.

போன மழைக்காலத்தில் குர்லா ஸ்டேஷனில் இறங்கும்போது கூட்டம் தள்ளி, இசக்கிசெல்வி பிளாட்பாரத்தில் இடது கை அடிபட விழுந்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு கை நீட்டவும் மடக்கவும் வந்தது. பார்சல் தூக்க முடிந்தது. ஆனால் எதையாவது நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் சிறிது நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும்.

கிளப்புக்குத் திரும்பப் போன முதல் நாள் ரைஃபிளைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள். குறிமுனை கறுப்பு வட்டத்தில் வந்து நின்றது. மூச்சை நிறுத்தினாள். குழல் மெல்ல மெல்லக் கீழே சரிந்தது, யாரோ நுனியில் வாளியைக் கட்டித் தொங்கவிட்டது போல. மறுபடி தூக்கினாள். மறுபடி சரிந்தது. ஷ்யாமளா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"விட்டுடு செல்வி. கையைக் கெடுத்துக்காதே. கொஞ்ச நாள் போகட்டும்," என்றாள்.

கொஞ்ச நாள் போயிற்று. மூன்று மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அதே கதை. சில நாள் வீட்டுக்கு வந்து ஈரத் துணியைப் பிழிய முடியாமல் வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் அவளே கிளப் வாட்ஸப்பில் ரைஃபிளின் படத்தைப் போட்டுவிட்டாள்.

வந்தவர் பெயர் கேஷவ். தாணேயில் பிறந்து வளர்ந்த தமிழர், வார்த்தைக்கு வார்த்தை ஹிந்தி கலந்து பேசினார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ரைஃபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். பிறகு நின்று தோளில் வைத்துக் குறி பார்த்தார். முகம் சுளித்தது.

"குழல் ஏக்தம் நல்லா இருக்கு. ஆனா பேலன்ஸ் பக்வாஸ், மேடம்."

"ஏன் சார்?"

அவர் பின்கட்டையை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்று காலி டப்பா மாதிரிக் கேட்டது. "கேக்குதா? உள்ள ஒண்ணுமே இல்ல. கம்பெனிக்காரன் காசு மிச்சம் பண்ணிட்டான். வெயிட்டு எல்லாம் முன்னாடி குழல்ல. பின்னாடி வெறும் ஹவா. இத நிமுத்திப் பிடிக்கிறதுக்கே இடது கை செத்துப்போகும். நான் கொண்டுபோயி இதுக்குள்ள ஈயம் போடணும். அந்த மெஹ்னத் எல்லாம் என் தலையிலதானே? அத மனசுல வச்சு விலை சொல்லுங்க."

இசக்கிசெல்வி அவர் கையிலிருந்து ரைஃபிளை வாங்கிக்கொண்டாள். ரைஃபிளுக்கு அடியில் ஒரே ஒரு விரலைக் கொடுத்து, அது எங்கே சமமாக நிற்கிறது என்று பார்த்தாள். விரல் குழலின் பக்கமாக வெகு தூரம் போக வேண்டியிருந்தது. இத்தனை நாள் இடது கையை நீட்டி அங்கேதான் பிடித்திருக்கிறாள். உடைவதற்கு முன்பு அந்தக் கை அதைத் தாங்கியது, அதனால் யோசிக்கவே தோன்றவில்லை. சமமாக நிற்கிற இடம் பின்னால் வந்துவிட்டால், கையும் பின்னால் வரலாம். கை பின்னால் வந்தால் முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவளால் மட்டும் அப்படி நிற்க முடிந்ததில்லை. தன் உடம்புவாகு அப்படி என்று நினைத்திருந்தாள்.

"சார், மன்னிச்சிருங்க," என்றாள். "நான் விக்கல."

கேஷவ் சிரித்துவிட்டார். "நான்தான் வாயக் குடுத்துக் கெட்டேனா?"

"தாணேல இருந்து வந்திருக்கிய. காப்பியாவது குடிச்சிட்டுப் போங்க."

அவர் காப்பி குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பூலோகம் எழுந்தான். "என்னட்டி இது? வந்த ஆளத் திருப்பி அனுப்பிட்ட?"

"ஒரு மாசம் பாக்கேன். முடியலன்னா நானே அவருக்குப் போன் போடுதேன்."

"இன்னும் கனத்தக் கூட்டணுங்காரு அந்தாளு. ஒடஞ்ச கையி. இருக்க கனத்தையே தூக்க முடியல. மேல கனத்த வச்சா எப்படித் தூக்குவ?"

அவள் காப்பி டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

பூலோகம் செம்பூரில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறான். வீல் பேலன்சிங் மெஷின் அவன் பொறுப்பு. மறுநாள் ஆபீஸ் விட்டதும் இசக்கிசெல்வி நேரே அங்கே போனாள். ஒரு சக்கரம் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றதும், கனம் குறைந்த பக்கத்தைச் சரிக்கட்ட அதன் விளிம்பில் அவன் ஒரு சின்ன ஈயக்கட்டியை அடித்து மாட்டினான். பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பழைய ஈயக்கட்டிகள், பிடுங்கிப் போட்டவை.

"இது எனக்கு வேணும்," என்றாள்.

"கொண்டு போ. முதலாளிட்டச் சொல்லிக்கிடுதேன்," என்றான் அவன், அவள் பக்கம் திரும்பாமலே. கோபம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து, கட்டிகளில் இருந்த இரும்புக் கிளிப்புகளைத் தட்டி எடுத்துவிட்டு, ஈயக்கட்டிகளைப் பழைய துணியில் பொட்டலமாகக் கட்டினாள். பின்கட்டையின் ரப்பர் மூடியில் இருந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளே உண்மையிலேயே வெற்றிடம், ஒரு சொம்பு தண்ணீர் பிடிக்கும். பொட்டலத்தைத் திணித்து மூடினாள். கையில் எடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறன்று கிளப்பில் அவமானமாகிவிட்டது. முதல் குண்டு சுமாராகப் போயிற்று. அந்த ரைஃபிள் சுடும்போது உள்ளே ஸ்பிரிங் அடித்து உதறும். அந்த உதறலில் பொட்டலம் அவிழ்ந்துவிட்டது. அதற்கப்புறம் தூக்கும்போதெல்லாம் உள்ளே கிலுகிலு என்று உருண்டது. ஒவ்வொரு தடவையும் கனம் ஒவ்வொரு இடத்தில். குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. பக்கத்து வரிசையில் யாரோ, கிலுகிலுப்பையா கொண்டுவந்திருக்கிறாய் என்று ஹிந்தியில் கேட்டார்கள்.

ஷ்யாமளா மட்டும் சிரிக்கவில்லை. "முதல் ஷாட் போட்டியே, அப்ப நான் பார்த்தேன். உன் கை நடுங்கலைடி," என்றாள்.

"நெஜமாவா மாமி?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? அந்த ஈயம் அசையாம இருக்க வழி பண்ணு, போ."

அன்று சாயங்காலம் பாயில் ரைஃபிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை கட்டிகளை உள்ளே போடவில்லை. பின்கட்டையின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக டேப் போட்டு ஒட்டினாள். ஒட்டுவதும் எழுந்து நின்று குறி பார்ப்பதும் உட்காருவதும் இன்னொன்றை ஒட்டுவதுமாக இருந்தாள். சுவர்க் காலண்டரில் ஒரு தேதியின் எண்தான் குறி. பூலோகம் செய்தி பார்க்கிற சாக்கில் இதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். இடது கை உடம்போடு ஒட்டி வந்தது. முழங்கை இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. குழல் நிமிர்ந்தது, நின்றது. அவள் மூச்சை விட்டு, இழுத்து, மறுபடி விட்டாள். குழல் நின்றுகொண்டே இருந்தது.

"ஏட்டி," என்றான் பூலோகம்.

அவள் திரும்பவில்லை.

"ஏட்டி, கை ஆடல."

"தெரியுது," என்றாள். ரைஃபிளை இறக்கிப் பாயில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பூலோகம் டிவியை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "போலீசு வந்துச்சு, ஊர் பேசுதுன்னு அதுக்காவ மட்டும் நான் விக்கச் சொல்லல கேட்டியா. ஞாயித்துக்கெழம நீ அங்க போயிட்டு வந்து அந்த வாளி முன்னால இருப்ப பாரு. அதப் பாக்க மாட்டாமதான்." பின்கட்டையைத் தட்டிப் பார்த்து, "எம்-சீல் வாங்கியாறேன். அதப் பெசஞ்சு உள்ள ஒட்டிட்டா அசையாது," என்று எழுந்தான்.

ஒட்டுகிற வேலையை அவனேதான் செய்தான். டேப்பைப் பிரித்து, ஒட்டியிருந்த அத்தனை கட்டிகளையும் எண்ணாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு, எம்-சீலைப் பிசைந்து, ஒவ்வொரு கட்டியாக உள்ளே பதித்தான். இடைவெளியில் தெர்மாகோல் துண்டுகளை அடைத்தான். திருகாணி இறங்குகிற துளைகளை மட்டும் விட்டுவைத்தான். ஒரு நாள் முழுக்க அதை யாரும் தொடக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னான். மறுநாள் குலுக்கிப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து கிளப்புகளுக்கிடையே போட்டி வந்தது. ஷ்யாமளா தன் பெயரோடு செல்வியின் பெயரையும் கொடுத்துவிட்டாள். அதற்கு முந்தைய வாரம் இசக்கிசெல்விக்குப் புதுக் கவலை. போட்டிக்கு முன்னால் துப்பாக்கியைச் சோதிப்பார்கள். உள்ளே ஏதோ அடைத்திருக்கிறாய் என்று வெளியே அனுப்பிவிட்டால்? விதிப் புத்தகத்தில் மொத்த எடைக்கு வரம்பு உண்டு, உள்ளே கனம் வைக்கத் தடை இல்லை என்று ஷ்யாமளா எத்தனை தடவை சொல்லியும் மனது கேட்கவில்லை.

சோதனை மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். ரைஃபிளை வாங்கியதும் புருவத்தைத் தூக்கினாள். இந்த மாடல் இவ்வளவு கனம் இருக்காதே என்று ஹிந்தியில் கேட்டாள். பின்னால் ஈயம் வைத்திருக்கிறேன், கையில் தகடு வைத்திருக்கிறார்கள், அதனால், என்று இசக்கிசெல்வி துண்டு துண்டாகச் சொன்னாள். அந்தப் பெண் திருப்புளியை எடுத்து ரப்பர் மூடியைக் கழற்றினாள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். விரல் விட்டு அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. தராசில் வைத்தாள். எழுதிக்கொண்டாள்.

"யார் செய்தது?"

"வீட்டுக்காரர்."

"சுத்தமான வேலை," என்று மூடியைத் திருப்பி மாட்டி, பச்சை ஸ்டிக்கரை ஒட்டித் தந்தாள். "அடுத்து."

இசக்கிசெல்வி வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஷ்யாமளா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "நான் சொன்னேனோ இல்லையோ? குடி. இனிமே சுடறது மட்டும்தான் பாக்கி."

நாற்பது குண்டு. முதல் பத்தில் அவள் கையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள், எப்போது நடுங்க ஆரம்பிக்கும் என்று. அதில் இரண்டு குண்டுகள் கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயின. இரண்டாம் பத்தில் எப்போதோ கையை மறந்துபோனாள். பக்கத்து வரிசையின் சத்தமும் வெளியே ஹாரன் சத்தமும் நின்றன. கறுப்பு வட்டம், குறிமுனை, அவ்வளவுதான். முப்பதைத் தாண்டியபோது முழங்கைக்குக் கீழே லேசாக வலித்தது. ரைஃபிளை மேசையில் வைத்து, கையை உதறி, கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினாள். குழல் நின்றது. கடைசிக் குண்டு போன பிறகுதான் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது தெரிந்தது.

மெடல் எல்லாம் இல்லை. நடுவில் ஏதோ ஓர் இடம். ஷ்யாமளா அவளுக்கு நான்கு இடம் முன்னால். கை உடைவதற்கு முன்பு அவள் எடுத்த புள்ளிகளை விட இது கொஞ்சம் அதிகம் என்பதை ஷ்யாமளாதான் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

பூலோகம் உள்ளே வராமல் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.

"கை எப்படிட்டி இருக்கு?"

"இருக்கு," என்றாள் அவள். இடது கையை நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள். பிறகு இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது போல நடுரோட்டில் சிரிக்க ஆரம்பித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மதியம் வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு சாப்பிட்டுப் பாயில் படுத்தவள், விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வந்ததும் பூலோகமே குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்து வைத்தான்.