தூக்குப்போசிப் பால்

தாராபுரத்துக்கு வெளியே எங்கள் பேக்கரி. தினமும் பேப்பரோடு வருகிற போஸ்டரைக் கம்பியில் மாட்டுவது என் வேலை. அதைச் சத்தமாக வாசிப்பது, மூன்றாம் வகுப்புப் பெருமையில் நானாக எடுத்துக்கொண்ட வேலை. இலங்கையில் போர் முற்றியிருந்த வருடம் அது. போஸ்டர்களில் குண்டுக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தது பால்தான். ஒருநாள் ‘பால் மணம் மாறாத பிஞ்சுகள் பலி’. சண்டை நிற்கப்போகிறது என்று வதந்தி கிளம்பினால் ‘வயிற்றில் பால் வார்த்த செய்தி’. எழுதுகிறவர்களுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று இப்போது எரிச்சலாக வருகிறது. அன்று எனக்கு எல்லாமே எங்கள் அடுப்பில் கொதிக்கிற பால்தான்.

காலையில் ஓர் அக்கா டீ குடிக்க வருவார். அகதிகள் முகாமில் இருந்தவர். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எழுவார். அவருடைய தங்கை கைக்குழந்தையோடு அங்கே சண்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால்மா கிடைக்கவில்லை என்பதுதான் அவளிடமிருந்து கடைசியாக வந்த சேதி. பால்மா என்றால் பால் பவுடர் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் அந்த அக்காதான்.

ஒருநாள் அந்தச் சொல்லும் போஸ்டரில் வந்துவிட்டது. பால்மாவுக்கு நின்ற வரிசையில் குண்டு விழுந்ததாம். அக்காவுக்கு அன்று லீவு. முகாமிலிருந்து ஒருவர் வந்து அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அந்த வரிசையில் தங்கையும் குழந்தையும் போய்விட்டார்கள் என்று வெளிநாட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. அக்காவிடம் சொல்ல முகாமில் யாருக்கும் வாய் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது பார்த்ததெல்லாம், அப்பா போஸ்டரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுத் தூக்குப்போசி நிறையப் பால் ஊற்றியதுதான்.

“வா கண்ணு, முகாம் வரைக்கும் போயிட்டு வந்தரலாம்.”

துக்கம் விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, பிள்ளை பசியோடு கிடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எவரும் செய்கிற காரியம்தான். ஆனால் எரித்த மறுநாள் சுடுகாட்டில் பால் ஊற்றப் போகிறவர்களும் இதே போசியைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்பாவுக்கு அது தோன்றவில்லை.

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் முகத்தையும் போசியையும் பார்த்ததும் ஈரத்துணி கையிலேயே நின்றுவிட்டது.

“அண்ணை, ஏன் பால் கொண்டு வந்தனீங்கள்? என்ர தங்கச்சிக்கு ஏதுமோ?”

அக்காவின் சின்ன மகன் ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டு போசியையே பார்த்தான்.

“அய்யோ, அதெல்லாம் இல்லீங்க அம்மணி. பால் மிஞ்சிப்போச்சுங்க. பையன் குடிக்கட்டுமேன்னு கொண்டாந்தேனுங்க.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீரும் வழிந்தது. “என்ர வயித்தில பால வாத்திட்டியள் அண்ணை” என்றார். போஸ்டரில் வருகிற பேச்சை ஒரு மனுஷி வாயால் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை, சந்தோஷமாக இருந்தது. பாதிப் பாலை வாங்கிக்கொண்டு, மீதி கடைக்கு ஆகும் என்று திருப்பிக் கொடுத்தார்.

அமராவதிப் பாலத்தருகே அப்பா மொபெட்டை நிறுத்தினார். மணல் தெரிய ஓடிய தண்ணீரில் இறங்கி, போசியைச் சாய்த்துப் பாலை மெதுவாக ஊற்றினார்.

“திரிஞ்சு போச்சுங்களாப்பா?”

“ஆமா கண்ணு.”

ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார். போசியை வாங்கி முகர்ந்து பார்த்தேன். நல்ல பால்தான். ஒரு சொட்டுச் சிந்தினாலும் சத்தம் போடுகிற மனிதர், அக்காவுக்கு நல்ல சேதி சொல்லிவிட்டு வந்த கையோடு இப்படி ஆற்றில் கொட்டுகிறாரே என்று எனக்குக் கோபம். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கோள் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.