செம்பன் தானாகவே ஏறினான்

வண்டிச் சவாரிப் போட்டியில் ஓடும் எங்கள் மாடு செம்பனுக்கு வாகனத்தில் ஏறுவதென்றாலே நடுக்கம். இன்றைய போட்டிக்கும் ஏறாவிட்டால் விற்றுவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார்.

வாகனத்தில் சாய்த்திருந்த பலகையில் கால் வைத்ததுமே செம்பன் பின்வாங்கினான்.

"வாலை முறுக்கினால் ஏறும், தங்கச்சி," என்றார் சாரதி.

"வாலிலை கை வைச்சால் வெறும் வாகனத்தோடைதான் போவியள், அண்ணை."

மதிலோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு உது சரிவராது."

வழுக்காமலிருக்கப் பலகையில் சாக்கை விரித்தேன். நானே உள்ளே ஏறி, வைக்கோலோடு இருந்து கூப்பிட்டேன். வெயில் ஏறியது. நான் இறங்கவில்லை.

கடைசியில் அவனாகவே ஏறி வந்து, என் தோளில் முகத்தை வைத்தான்.

"இனி முன் சீற்றிலை வந்து இருங்கோ. ஆக்கள் பாக்கினம்," என்றார் சாரதி.

"பாக்கட்டும் அண்ணை. நீங்கள் வாகனத்தை எடுங்கோ."

நெல்லியடிச் சந்தியே திரும்பிப் பார்த்தது. பின்னேரம் போட்டி முடிந்து இதே வழியால், செம்பனுக்குப் பக்கத்தில் நின்றபடியேதான் திரும்பி வருவேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே நல்ல இடமாகப் பிடித்து வையுங்கள்.