வௌவாலுக்கு ஏன் காய்ச்சல் வரலை

ஓடிப்போனாளா? யாரு, என் மருமக பெர்சிஸா? பைப்படியில நின்னு அப்படிச் சொன்னியாமே கண்ணம்மா. ஓடுறவ பட்டப்பகல்ல மாமியாகிட்ட சொல்லிட்டா போவா? நடந்துதான் போனா. காய்ச்சலும் இறங்கிடுச்சு, வேலூர்ல ஹாஸ்டல்ல இருக்கா. "இந்தப் பேச்சு அடங்காம நான் வந்தா உங்களையும் ஒதுக்கி வெப்பாங்க அத்தை"ங்கறா. அதனால கேட்டுக்க. எனக்கே முழுசாப் பிடிபடலை, பிடிபட்ட வரைக்கும் சொல்றேன்.

பெர்சிஸ் வேலூர் பாகாயத்துப் பொண்ணு. லேப்புல வேலை. என் மகன் நவநீதன் இங்கே ஆம்பூர்ல தோல் பதனிடற டேனரிக்குப் போறவன். பஸ்ஸுல பார்த்துப் பழகி, ரெண்டு வீடும் கத்தி ஓய்ஞ்ச பிறகு கல்யாணம். அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வீசிங். டேனரி மருந்து நெடி ஏறினா நெஞ்சு விசில் அடிக்கும்.

போன வருஷம் லேப்புல அவளுக்கு வௌவால் வேலை வந்துச்சு. சோளிங்கர் பக்கம் ஏரிக்கரை மரத்துல வலை கட்டிப் பிடிச்சு, கையுறை மாட்டிக்கிட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பறக்க விட்டுடணும்.

"இன்னாத்துக்குடி இந்தப் பொழப்பு?"ன்னேன்.

"சீனாவுல சார்ஸ்னு ஒரு காய்ச்சல் வந்து ஜனங்க மூச்சுமுட்டிச் செத்தாங்களே அத்தை. அதுக்குச் சொந்தக்காரக் கிருமிங்க அங்கத்து வௌவால்கிட்ட இருக்குதாம். ஆனா வௌவால் ஒரு தும்மல்கூட போடலை."

"அதுக்கு பலம் ஜாஸ்தி. கிருமியை அடிச்சுத் தொரத்திடும்."

"தொரத்தலையே! கிருமி பாட்டுக்கு உள்ளே இருக்கு. காய்ச்சல்ங்கறது நம்ம உடம்பு கிருமியோட போடற சண்டை அத்தை. சார்ஸ் வந்த சில பேருக்கு அந்தச் சண்டை அடங்காம நுரையீரலையே கெடுத்துடுச்சாம். வௌவால் உடம்பு அளவோட நிறுத்திக்குதோ என்னமோ."

"என்னமோவா? படிச்சவதானே நீ?"

"யாருக்குமே தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் மரத்தடியில நிக்கறேன்?"

பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் கொத்தமல்லி கேட்க வந்தவ அப்படியே நின்னுட்டா. "திருடன் வீட்டுக்குள்ள குந்தியிருக்கான், வீட்டுக்காரன் சத்தமும் போடலை, நல்லாவும் இருக்கான். இன்னாம்மா இது பேஜாரு!" மூணு பேரும் சிரிச்சோம்.

அந்தப் பேச்சு தெருவுக்குப் போய் வேற மாதிரி ஆயிடுச்சு. மூச்சை நிறுத்தற நோயே வௌவாலை ஒண்ணும் பண்ணலைன்னா, அதோட கறி வீசிங்குக்கு எப்பேர்ப்பட்ட மருந்து! நம்ம பக்கம் எப்பவும் சொல்றதுதானே, இப்போ லேப்புக்காரியே சொல்லிட்டாளாம். நவநீதனோட தோஸ்த் கன்னியப்பன் வாசல்ல வந்து நின்னான்.

"அண்ணி, எத்தனையோ பிடிச்சுப் பிடிச்சு விடறீங்க. வீட்டுக்காரருக்கு ஒண்ணு கொண்டாந்தா குறைஞ்சா போயிடும்?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நமக்கும் ஆகாதுன்னு யார் சொன்னது? வௌவாலைத் தொடாதீங்க, அறுக்காதீங்க"ன்னு கத்தினா. நவநீதன்கிட்ட வாக்கும் வாங்கினா.

ஒரு ஞாயித்துக்கிழமை அவ சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, கன்னியப்பன் ஒண்ணை அடிச்சு மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வெச்சிருக்கான். நவநீதனும் போய்த் தின்னுட்டு வந்துட்டான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை! மூச்சு லேசா இருக்குன்னு வேற சொன்னான். பொய் சொல்லி ஊரைப் பயங்காட்டினாள்னு அவளைத்தான் ஏசினீங்க. அவளோ தினம் அவன் நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு வேலைக்குப் போவா.

கடைசியில காய்ச்சல் வந்தது அவளுக்கு. கூடவே வறட்டு இருமல். காலையில பையை எடுத்துட்டா.

"சாதாரணக் காய்ச்சலாத்தான் இருக்கும் அத்தை. ஆனா நான் வௌவால் தொடற கை. ஆஸ்பத்திரியில பார்த்துச் சொல்ற வரைக்கும் இங்கே இருக்கக் கூடாது."

"தின்னவனே கல்லு மாதிரி குந்தியிருக்கான். நீ எதுக்குடி போறே?"

"எது எப்படின்னு தெரியலை அத்தை. தெரியாததாலதான் போறேன்."

நவநீதன் குறுக்கே வந்தான். "கிட்ட வராதே, உனக்கு மூச்சே கம்மி"ன்னா. அவன் சுவரோட ஒட்டிக்கிட்டான். துப்பட்டாவால வாயையும் மூக்கையும் கட்டிக்கிட்டு வாசலைத் தாண்டினா.

பைப்படி வந்ததும் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனா. அது திமிருன்னு சொன்னியே கண்ணம்மா. அப்போ உன் இடுப்புல உன் பேத்தி இருந்தாளே.