அம்சவேணியின் நூறு ரூபாய்

போன மாதம் எங்கள் சர்ச் பங்கு மக்களோடு பிரான்சில் உள்ள லூர்து மாதா கோயிலுக்குப் போய்வந்தேன். கிளம்புகிற வாரம் வரை ஒரே கவலைதான் — பணத்தை எங்கே மாற்றுவது?

ஆளுக்கொரு யோசனை. “ஏர்போர்ட்ல மாத்தாத, அடிமாட்டு விலைக்குக் கேப்பான்” என்றார் ஒருவர். “கார்டு இருக்கும்போது நோட்டு எதுக்கு?” என்றார் இன்னொருவர். அங்கே கார்டு மக்கர் பண்ணினால் அவரா வருவார்? பாதியைப் புதுச்சேரியிலேயே யூரோவாக மாற்றி, மீதியைக் கார்டில் போட்டுக்கொண்டேன்.

அப்பாடா என்று உட்காரும்போது வந்தார் அம்சவேணி. பாகூரில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருபவர். செலியமேட்டுக்காரர். மகள் தேவி ஸ்கூட்டியிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கண் திறந்துவிட்டாள்... பேச்சுதான் வரவில்லை.

மஞ்சள் துணியில் முடிந்த நூறு ரூபாயை என் கையில் வைத்தார்.

“யக்கா, இத மாத்தாத. அப்படியே உண்டியல்ல போட்டுடு. கீர வித்த காசு.”

கூட வந்த அவர் வீட்டுக்காரர் சிரித்தார். “அந்த ஊர் மாதாவுக்கு நம்ம நோட்டு தெரியுமாடி?”

“நீ கம்முனு இரு. நம்ம புள்ளயத் தெரிஞ்சா போதும்.”

லூர்தில், உண்டியல் முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்தேன். எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஆரோக்கியசாமி அண்ணன் தடுத்தார்.

“இன்னாம்மா பண்ற? மாதா வாங்கிக்குவா. கோயில்காரன் இத எடுத்துக்கினு எந்தக் கடைக்குப் போவான்?”

பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பார்கள். நம் ரூபாய்க்கு மீனம்பாக்கம் தாண்டினாலே மூச்சு வாங்குகிறது!

என் யூரோ ஒன்றைப் போட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் வேண்டுதலை இன்னொருவர் காசில் தீர்க்கலாமா? வீடியோ காலில் அம்சவேணியையே கூப்பிட்டேன். ஊரில் அப்போது மத்தியானம். வார்டில் மகள் பக்கத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“செல்லாதாக்கா?” முகம் வாடிவிட்டது. “சாமிகிட்ட கூடவா?”



ஆரோக்கியசாமி அண்ணன் போனுக்குள் தலையை நீட்டினார். “யம்மா, அந்த நூறு ரூவாய நான் எடுத்துக்கறேன். ஊர்ல எனக்கு பஸ்ஸுக்கு ஆவும். அதுக்கு ஒரு யூரோ தரேன். கணக்கு சரியாப்பூடும்.”

“பாவம் பாத்து சும்மா குடுக்கலியே?”

“சும்மா குடுக்க நான் இன்னா வள்ளலா? காலையில காப்பி வாங்கன மிச்சம்.”

“காட்டு பாக்கலாம்... ஐய, இத்தினிக்கூண்டா இருக்குது! சரி, போடுக்கா.”

போட்டேன். இரும்புப் பெட்டிக்குள் ‘ணங்’ என்று விழுந்தது.

போனைப் பார்த்தால் திரை இருட்டாக இருந்தது. லைன் போய்விட்டதோ? இல்லை... போனை மகளின் காதில் வைத்திருக்கிறார். குரல் மட்டும் வந்தது.

“கேட்டுச்சாடி தேவி? நம்ம காசுதான். உள்ள பூடுச்சி.”

தேவி இன்னும் பேசவில்லை. அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள் என்கிறார் அம்சவேணி. நான் பார்க்கவில்லை. நம்புகிறேன்.

வெளிநாடு போகிறீர்களா? மிஞ்சுகிற சில்லறையை இங்கே எந்தக் கடையிலும் மாற்றித் தர மாட்டார்கள். அங்கேயே ஓர் உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள் — யாருக்காவது கேட்கும்.